தெருவின் தரையும் மக்களின் ஓவியமும்

திருவனந்தபுரம் வெள்ளயம்பலம் சந்திப்பில் அய்யன்காளியின் சிலை நிற்கிறது. அதற்கு அருகில்தான் மானவீயம் வீதி. ஒரு முனையில் கவிஞர் வயலார் ராமவர்மாவின் சிலை. மறுமுனையில் இசையமைப்பாளர் ஜி. தேவராஜனின் சிலை. 1957-இல் பாளையத்தில் தியாகிகள் நினைவுத் தூண் திறக்கப்பட்டபோது ஒலித்த பாடலை எழுதியவர் வயலார். அதற்கு இசையமைத்தவர் தேவராஜன். அவ்விருவருக்கும் நடுவே சில நிமிடங்களில் நடந்து கடந்துவிடக் கூடிய சிறு தெரு அது. 2001-ஆம் ஆண்டு முதல் அது பண்பாட்டு வீதியாக அறியப்படுகிறது. தெரு நாடகம், பாட்டு, நூல் வாசிப்பு, சுவரோவியம், கண்டனக் கூட்டம் என எல்லாவற்றுக்கும் அந்த நகரத்து இளைஞர்கள் அங்குதான் கூடினார்கள். அண்மையில் அது புதுப்பிக்கப்பட்டு, 2023-இல் இரவு நேரத்திலும் மக்கள் கூடும் இடமாக மீண்டும் திறந்துவிடப்பட்டது.

2025 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் அந்த நகரத்தின் ஆட்சி கைமாறியது. மொத்தம் 101 வார்டுகள் கொண்ட மாநகராட்சியில் 50 இடங்களை பாஜக தலைமையிலான கூட்டணி வென்றது. நெடுங்காலம் இடதுசாரிகளின் பொறுப்பில் இருந்த மாநகராட்சியின் மேயர் நாற்காலியில் இப்போது பாஜகவைச் சேர்ந்தவர் அமர்ந்திருக்கிறார். மன்றத்தில் எண்ணிக்கை குறைந்த இயக்கம் தெருவில் என்ன செய்ய வேண்டும் என்னும் கேள்வி இயல்பாக எழுகிறது. அக்கேள்விக்குரிய பல விடைகளில் மிகச் சிறியதாகத் தோன்றும் ஒன்றை இங்கே ஆராயலாம். ஒரு தெருவில் வாழ்வோரும் அங்கே உழைப்போரும் கூடி, அத்தெருவின் நடைபாதைத் தரையில் ஒரு பெரிய ஓவியத்தை வரைவது வெறும் அலங்காரமா, அரசியல் பணியா என்பதே அது.

அரசியல் பணிதான் என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த ஓவியம் வரைந்தவர்களுக்கே உரியதாக இருக்க வேண்டும். கட்சிக்கு உரியதாக ஆகிவிடக் கூடாது.

தரைக்கு ஒரு வரலாறு உண்டு

திருவிதாங்கூரில் பொதுத் தெரு என்பது யாரும் இலவசமாகக் கொடுத்ததன்று. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். புலையர் நடக்கவும் தடை இருந்த சாலை அது. தாக்க வந்தவர்களை எதிர்கொண்டே அவ்வண்டி ஓடியது. 1924 மார்ச் 30-இல் தொடங்கிய வைக்கம் சத்தியாகிரகம் கோயிலுக்குள் நுழைவதற்காக நடந்ததன்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக நடந்தது. தமிழகத்திலிருந்து சென்ற பெரியார் அப்போராட்டத்தில் இருமுறை சிறைப்பட்டார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோதும் நான்கு தெருக்களில் மூன்றுதான் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில்.

எனவே, திருவனந்தபுரத்தில் நடைபாதையின் ஒவ்வொரு கல்லும் ஒரு காலத்தில் சிலருக்கு மட்டுமே உரியதாக இருந்து, பின்னர் போராட்டத்தால் பொதுவானது. அத்தரையில் எல்லாச் சாதியினரும் மதத்தினரும் ஆண்களும் பெண்களும் மண்டியிட்டு அமர்ந்து, ஒரே கோட்டுக்குள் வண்ணம் நிரப்புவது அந்த வரலாற்றின் தொடர்ச்சியாகும்.

கேரளத்துக்குத் தரையில் வரைவது புதிதன்று. களமெழுத்து என்னும் மரபில் அரிசி மாவு, உமிக்கரி, மஞ்சள், இலைப்பொடி, மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துப் பெறும் சிவப்பு ஆகிய ஐந்து வண்ணப் பொடிகளால் தரையில் பேருருவம் வரையப்படுகிறது. வழிபாடு முடிந்ததும் அழிக்கப்படுகிறது. மிக நுட்பமான கலை அது. ஆயினும் அதை வரையும் உரிமை குறிப்பிட்ட சமூகங்களுக்கு உரியதாக வகுக்கப்பட்டிருந்தது. அதைக் காணும் உரிமையோ கோயில் வாசலிலும் தறவாட்டு முற்றத்திலும் நிறுத்தப்பட்டிருந்தது. ஓணத்துப் பூக்களம் அந்த வேலியைப் பெருமளவு தாண்டி வந்தது. இன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தொழிற்சங்க அலுவலக வாசல்களிலும் பலர் சேர்ந்தே பூக்களம் இடுகிறார்கள். தமிழகத்தில் கோலம் வீட்டு வாசலில் இடப்படுகிறது. ஆனால் அந்த வாசல் தெருவின் பகுதி.

ஆற்றுகால் பொங்காலை நாளில் திருவனந்தபுரத்தின் தெருக்கள் முழுவதும் பெண்களின் அடுப்புகளால் நிறைகின்றன. சாதியும் வசதியும் பாராமல் ஒரே நடைபாதையில் செங்கல் அடுக்கிப் பெண்கள் அமர்கிறார்கள். விழா முடிந்ததும் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் ஒரே இரவில் நகரைத் துப்புரவு செய்கிறார்கள். கைவிடப்பட்ட செங்கற்கள் திரட்டப்பட்டு லைஃப் திட்டத்தின்கீழ் ஏழைகளுக்கான வீடுகளைக் கட்டப் பயன்படுத்தப்பட்டுள்ளன. நம்பிக்கையைப் பற்றிய கருத்து எதுவாயினும், தெருத் தரையைப் பொது உழைப்புக்குரிய இடமாகப் பயன்படுத்தும் பழக்கம் அந்நகரத்துப் பெண்களிடம் வேரூன்றியிருப்பதை மறுக்க இயலாது. அப்பழக்கத்தை மத அடையாளத்தோடு மட்டும் பிணைத்துவிட வகுப்புவாத சக்திகள் முயல்கின்றன. மதம் கடந்தும் தெருவில் கூட முடியும் என்பதற்கு மக்களிடம் வேறு நிகழ்வுகளும் இருக்க வேண்டும்.

வண்ணத்துக்கு அஞ்சும் அதிகாரம்

தரையில் வரைவது ஆபத்தற்ற பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் 2019 டிசம்பர் 29-ஐ நினைவுகூரலாம். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துச் சென்னை பெசன்ட் நகரில் சிலர் தெருவில் கோலமிட்டனர். கோலத்தின் ஓரத்தில் அச்சட்டம் வேண்டாம் என்ற எழுத்துகள் இருந்தன. பெண்கள் உள்ளிட்ட அவர்களைக் காவல்துறை பிடித்துச் சென்று தடுத்துவைத்தது. மறுநாள் தமிழகத்தின் பல வாசல்களில் அதே கோலம் மலர்ந்தது. அரிசி மாவும் சுண்ணாம்புப் பொடியும் ஓர் அரசைப் பதற்றமடையச் செய்தன.

சிலியில் கம்யூனிஸ்ட் இளைஞர்கள் 1968-இல் ரமோனா பார்ரா படையணியை அமைத்தனர். 1946-இல் சாந்தியாகோவில் நடந்த தொழிலாளர் பேரணியில் சுட்டுக் கொல்லப்பட்ட இளம்பெண்ணின் பெயர் அது. அல்யெண்டேயின் 1970 தேர்தல் பிரச்சாரத்தில் அவர்கள் இரவோடு இரவாகச் சுவர்களை நிறைத்தனர். 1971-இல் புகழ்பெற்ற ஓவியர் ரொபெர்த்தோ மாத்தா அவர்களோடு சேர்ந்து, தொழிலாளர் வாழும் லா கிராங்கா பகுதியில் ஒரு நீண்ட சுவரோவியத்தை வரைந்தார். 1973-இல் பினோசே ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் அதன்மீது பல பூச்சுகள் பூசி மறைத்தனர். பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் அப்பூச்சுகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டு, 2008-இல் அந்த ஓவியம் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

இவற்றோடு ஒப்பிட வேண்டிய மற்றொரு நிகழ்வு அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடந்தது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் 2020 ஜூன் 5-இல் வெள்ளை மாளிகையை நோக்கிச் செல்லும் 16-ஆம் தெருவின் தரையில், கறுப்பின மக்களின் உயிருக்கும் மதிப்புண்டு என்னும் முழக்கத்தை மேயர் பிரம்மாண்டமான மஞ்சள் எழுத்துகளில் எழுதச் செய்தார். இது வெறும் காட்சி என்று உள்ளூர் இயக்கத்தினரே விமர்சித்தனர். மறுநாள் போராட்டக்காரர்கள், காவல்துறைக்கான நிதியைக் குறைக்கக் கோரும் எழுத்துகளைத் தாங்களே அதனருகில் எழுதினர். தாங்களே கேட்ட கோரிக்கை அது. நகர நிர்வாகம் அதை வழிமொழியவில்லை. 2025 மார்ச்சில் குடியரசுக் கட்சியினர் நிதியை நிறுத்துவோம் என்று அழுத்தம் தந்தபோது, அதே மேயரின் நிர்வாகம் இயந்திரங்களைக் கொண்டு அந்த மஞ்சள் எழுத்துகளைப் பெயர்த்தெடுத்தது.

சிலியின் ஓவியத்தை மறைக்க ஒரு சர்வாதிகாரம் தேவைப்பட்டது. மீட்டெடுக்க மக்களின் நினைவு இருந்தது. வாஷிங்டனில் அரசு வரைந்ததை அரசே அழித்தது. தரையில் இருப்பது யாருடைய படம் என்பதே அதன் ஆயுளை முடிவுசெய்கிறது.

அழகுபடுத்தலின் வர்க்கப் பொருள்

தமிழகத்தில் 1959-ஆம் ஆண்டிலிருந்தே திறந்தவெளி இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. சுவரெழுத்துக்காக அச்சட்டத்தின்கீழ் வழக்குச் சந்தித்த தோழர்கள் பலர். 2009-ஆம் ஆண்டு வாக்கில் சென்னை மாநகராட்சி முதன்மைச் சாலைகளின் சுவர்களில் சுவரொட்டிகளை அகற்றிவிட்டுப் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்தது. சுவர்கள் பார்வைக்கு இனிமையாயின. சுவரில் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

சென்னைத் தொரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகர் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டிலிருந்து அங்கே குடியமர்த்தப்பட்டன. வேலை செய்த இடம் ஒருபுறமும் வீடு மறுபுறமுமாக அவர்களது வாழ்க்கை பிளவுபட்டது. 2020-இல் ஒரு கலை அறக்கட்டளையும் மாநகராட்சியும் வண்ணப்பூச்சு நிறுவனம் ஒன்றின் ஆதரவோடு அந்த அடுக்குமாடிகளின் சுவர்களில் மிகப்பெரிய ஓவியங்களைத் தீட்டின. ஓவியர்களின் திறமையையோ நல்லெண்ணத்தையோ ஐயுற வேண்டியதில்லை. அங்கு வாழ்வோர் சிலர் தங்கள் பகுதியின் பெயர் நல்ல விதமாகப் பேசப்படுவதில் மகிழ்ந்ததும் உண்மைதான். ஆயினும் சுவரின் வெளிப்புறம் வண்ணமாவதற்கும் உட்புறத்தில் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் சீராவதற்கும் தொடர்பில்லை. எந்தப் படம், எங்கே, எதற்காக என்னும் முடிவு வெளியிலிருந்து வரும்போது, ஓவியம் ஏழ்மைக்கு மேல் பூசிய மற்றொரு பூச்சாக முடியும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

திருவனந்தபுரத்திலும் 2015-இல் சுற்றுலா வளர்ச்சிக் குழுவின் முயற்சியால் ‘ஆர்டீரியா’ என்னும் பெயரில் முதன்மைச் சாலைகளின் சுவர்களில் கேரளத்தின் தேர்ந்த ஓவியர்கள் வரைந்தார்கள். சுவர்களை நகரக் கலைக்கூடமாக்கிய நல்ல முயற்சி அது. கலைக்கூடத்தின் படத்தைப் பார்வையாளர் பார்க்கிறார், கடந்து போகிறார். சமூக ஓவியத்தில் பார்வையாளரே தூரிகையைப் பிடிக்கிறார். இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளக் கூடாது.

நடைபாதையில் வரைவதற்கு மற்றொரு தனி ஆபத்து உண்டு. ‘அழகிய நடைபாதை’ என்பதன் பெயரால் முதலில் அகற்றப்படுவோர் தெரு வியாபாரிகள்தாம். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். பூக்கடைப் பெண்ணையும் தேநீர்த் தள்ளுவண்டிக்காரரையும் விரட்டிவிட்டு அந்த இடத்தில் தொழிலாளியின் உருவத்தை வரைவதைவிடக் கொடிய கேலி வேறில்லை. அத்தகைய ஓவியத்தில் எந்த இடதுசாரித் தோழரும் தூரிகை பிடிக்கக் கூடாது.

வரையும் முறையே அரசியல்

சமூக ஓவியத்தின் முதல் வேலை வண்ணம் வாங்குவதன்று, கூட்டம் போடுவது. அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கம், குடும்பஸ்ரீ அயல்கூட்டம், நடைபாதை வியாபாரிகள், ஆட்டோ நிறுத்தத்துத் தொழிலாளர்கள், சுமட்டுத் தொழிலாளர்கள், ஹரித கர்ம சேனைப் பெண்கள், பக்கத்துப் பள்ளி மாணவர்கள் ஆகியோர் ஒரே பாயில் அமர்ந்து, தங்கள் தெருவில் எது வரையப்பட வேண்டும் என்று பேச வேண்டும். அப்போது ஒருவர் காணாமற்போன குளத்தைச் சொல்வார். ஒருவர் மழைக்கு நிரம்பும் ஓடையைச் சொல்வார். இன்னொருவர் பழைய வேலைநிறுத்தத்தைச் சொல்வார். சில கூட்டங்களில் சச்சரவும் வரும். அந்தச் சச்சரவே ஓவியத்தின் பாதி.

அடுத்து வருவது தரையைப் பற்றிய அறிவு. கேரளத்தில் ஜூன் முதல் நவம்பர் வரை இரண்டு பருவமழைகள். ஜனவரிக்குப் பின்னரே தரை நன்றாகக் காயும். கழுவி, உலர்த்தி, முதற்பூச்சு பூசாத தரையில் எந்த வண்ணமும் நிற்காது. இன்டர்லாக் கற்களின் இடைவெளிகள் கோட்டை உடைக்கும். ஆகவே பெரிய வடிவங்களும் தடித்த கோடுகளுமே தரைக்குப் பொருந்தும். காகிதத்தில் வரைந்த சிறு படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, வண்ணப்பொடி தோய்த்த நூலால் தரையிலும் அதே கட்டங்களை அடித்துக்கொண்டால், தூரிகை பிடித்தறியாதவரும் தமக்குரிய கட்டத்தை நிரப்பிவிட முடியும். மேற்பூச்சில் நுண்மணல் கலக்காவிட்டால் மழைநாளில் முதியவர் வழுக்கி விழுவார். பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடப்பதற்காகப் பதித்த மேடுபட்ட ஓடுகளின்மேல் வண்ணத்தைத் தடிப்பாகப் பூசக் கூடாது. அவற்றின் நிறத்தையும் மறைக்கக் கூடாது. இவை தொழில்நுட்பச் சிறு குறிப்புகளாகத் தோன்றலாம். ஆனால் தெருவில் யாரையெல்லாம் மக்களாக எண்ணுகிறோம் என்பதை இவைதான் காட்டுகின்றன.

சிலியின் படையணி வேலையைப் பகிர்ந்துகொண்ட முறை இங்கும் உதவும். ஒருவர் கோட்டை இழுப்பார். ஒரு குழு எழுத்துகளின் உள்ளே வண்ணம் நிரப்பும். ஒரு குழு பின்னணியைப் பூசும். இறுதியில் ஒருவர் கறுப்புக் கோட்டால் எல்லாவற்றையும் இணைப்பார். கலைஞரும் கலையறியாதவரும் ஒரே படத்தில் உழைக்க வழிசெய்த அமைப்பு முறை அது.

கோட்டை இழுப்பவர் யார் என்பது கூலியைப் பற்றிய கேள்வியும் ஆகும். டிஜிட்டல் ஃப்ளெக்ஸ் வந்தபின் தமிழகத்திலும் கேரளத்திலும் பதாகை ஓவியர்கள், பலகை எழுத்தர்கள் பலர் தொழிலை இழந்தனர். கேரள அரசு 2019-இல் ஃப்ளெக்ஸைத் தடைசெய்தது அவர்களுக்குச் சற்றே மூச்சுவிட இடம் தந்தது. தன்னார்வ உழைப்பு என்னும் பெயரால் அவர்களிடம் இலவச வேலை வாங்குவது தொழிலாளர் இயக்கத்துக்கு அழகன்று. கட்டம் நிரப்புவோர் விரும்பி உழைக்கட்டும். கோட்டை இழுக்கும் கைவினைஞருக்கு நாள் கூலி கொடுக்கப்பட வேண்டும்.

கட்சிப் பழக்கங்கள் மாற வேண்டிய இடம்

தோழர்களுக்குச் சுவரோடு நெடிய உறவு உண்டு. தேர்தலுக்கு ஓராண்டு முன்பே சுவரில் கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதி இடம்பிடிக்கும் வழக்கத்தை எல்லோரும் அறிவர். பிரச்சாரத்துக்கு அது தேவை. அதே பழக்கத்தோடு சமூக ஓவியத்தை அணுகினால் அது கெட்டுவிடும். மூலையில் கட்சிக் கொடி, நடுவில் தலைவரின் முகம், கீழே கிளையின் பெயர் என்று அமைந்துவிட்டால், அத்தெருவில் வேறு கட்சிக்கு வாக்களித்த வீட்டுப் பெண் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார். ஓவியம் வரைந்த சுவர்மீதே சுவரொட்டி ஒட்டும் வழக்கமும் எல்லாக் கட்சிகளிடமும் இருக்கிறது. அதைக் கைவிடுவதில் முன்மாதிரியாக நிற்க வேண்டியவர்கள் இடதுசாரிகள்.

கொடியில்லாத ஓவியத்தால் கட்சிக்கு என்ன பயன் என்று கேட்போர் இருப்பார்கள். பயன் இதுதான்: ஒரு கட்டத்தை நிரப்பிய ஆட்டோ தொழிலாளிக்கும், எதிர்வீட்டு ஆசிரியைக்கும், பக்கத்துப் பள்ளிவாசல் தெருவின் சிறுவனுக்கும் இடையில், வாட்ஸ்அப் வதந்தி எளிதில் உடைக்க முடியாத அறிமுகம் உருவாகிறது. தேர்தல் காலத்தில் மட்டும் கதவைத் தட்டுவோருக்கு அந்த அறிமுகம் கிட்டாது. வகுப்புவாதம் அண்டை வீட்டாரை அந்நியராக்கியே வளர்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரே வாளி வண்ணத்தைப் பகிர்ந்துகொண்டவர்களை அந்நியராக்குவது கடினம்.

மக்களின் பசியும் வேலையின்மையும் கிடக்க, வண்ணத்துக்கு என்ன அவசரம் என்பதும் நேர்மையான கேள்வியே. ஓவியம் கூலி உயர்வுக்கு மாற்றாகாது, வடிகாலுக்கு மாற்றாகாது. எனவேதான் தெருக்கூட்டத்தில் படத்தைப் பற்றிப் பேசும் அன்றே வடிகாலைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் வியாபாரிகளின் அடையாள அட்டையைப் பற்றியும் கோரிக்கை மனு எழுதப்பட வேண்டும். மனுவைக் கொடுக்க மாநகராட்சிக்குப் போகிறவர்கள், படம் வரைந்த அதே கைகளாக இருக்க வேண்டும்.

இரண்டு மழைக்காலத்தில் அழிந்துவிடும் படத்துக்கு இத்தனை உழைப்பா என்றும் சிலர் கேட்பார்கள். வங்கதேசத்தில் 1952 மொழிப்போர்த் தியாகிகளின் நினைவாக, டாக்கா பல்கலைக்கழக நுண்கலை மாணவர்கள் பிப்ரவரி 21-ஐ ஒட்டி ஆண்டுதோறும் தியாகிகள் நினைவுச் சின்னத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் ஆல்பனா வரைகிறார்கள். ஆண்டு முழுவதும் வாகனங்களும் கால்களும் அதைத் தேய்க்கின்றன. அடுத்த ஆண்டு புதிய மாணவர்கள் புதிதாக வரைகிறார்கள். தேய்வதால்தான் அது தலைமுறைதோறும் கைமாறுகிறது. மொழிக்காக உயிர் தந்தோரின் வரலாறு கொண்ட தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமூக ஓவியத்துக்கும் ஆண்டுக்கு ஒரு புதுப்பிப்பு நாள் குறிக்கப்பட வேண்டும். அதற்கான பொறுப்புக் குழு தெருவிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அன்றாடம் அத்தரையைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர் அக்குழுவில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

திருவனந்தபுரத்தில் இதைத் தொடங்க மானவீயம் வீதி மட்டுமே இடமன்று. அங்கே ஏற்கெனவே கலை இருக்கிறது. கலையை நாடி வருவோரும் இருக்கிறார்கள். கிழக்கே கோட்டையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவைத் தோழர்கள் எண்ணிப் பார்க்கலாம். மூட்டை சுமப்போரும் கடைச் சிப்பந்திகளும் சிறு வியாபாரிகளும் மலையாளத்தையும் தமிழையும் நாள்தோறும் கலந்து பேசும் இடம் அது. அங்கே ஓர் ஓரத் தரையில் இரண்டு மொழி எழுத்துகளோடும் ஓர் ஓவியம் உருவானால், இப்பகுதி மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை எந்தத் துண்டறிக்கையைவிடவும் அது நன்றாகச் சொல்லும். அதற்கு அனுமதி தேவை. புதிய மாநகராட்சி நிர்வாகம் எளிதில் தராமலும் போகலாம். அப்போது மனுவில் கையெழுத்திட நூறு கடைக்காரர்களும் சுமட்டுத் தொழிலாளர்களும் முன்வருவார்களா என்பதே உண்மையான தேர்வு. அவர்கள் முன்வரும்படி உழைப்பதுதான் இப்போது கிளைத் தோழர்கள் செய்ய வேண்டிய வேலை. வண்ணம் அதற்குப் பிறகு வரட்டும்.